வந்தாறுமூலையில் படித்துக்கொண்டு முதலீட்டு வங்கித் துறைக்குள் நுழைய முடியுமா?

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் முகாமைத்துவம் படிக்கும் நீங்கள், கொழும்பில் ஆட்களைத் தெரியாமல் முதலீட்டு வங்கியில் சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்றே உறுதியாக நம்புகிறேன். ஆனால், வைப்புப் பெற்றுக் கடன் கொடுக்கும் வங்கி வேலையிலிருந்து இது முற்றிலும் வேறானது. கம்பனிகள் பங்கோ தொகுதிக்கடனோ (முதலீட்டாளரிடம் கடன் பெறும் பத்திரம்) வெளியிட்டு மூலதனம் திரட்டும்போதும், ஒன்றையொன்று வாங்கும்போதும், பெறுமதியைக் கணித்து ஆலோசனை சொல்வதே இதன் சாரம்.

நேர்முகத்தில் பெரும்பாலும் சோதிக்கப்படுவது கணக்கியல்தான். பெறுமானத் தேய்வு, அதாவது இயந்திரம், கட்டடம் போன்றவை பழையதாவதால் செலவாக எழுதப்படும் தொகை, 10 இலட்சம் ரூபாய் கூடினால் என்ன நடக்கும் என்று கேட்பார்கள். வரி 30 சதவீதம், வரிக்கும் அதே தொகை கழிக்கப்படும் என்று வைத்துக்கொண்டால், தேறிய இலாபம் 7 இலட்சம் குறையும். தேய்வு காசாக வெளியே போகாது, வரி மட்டும் 3 இலட்சம் குறையும் என்பதால் கையிலுள்ள காசு 3 இலட்சம் கூடும். சொத்துகளை ஒரு பக்கமும் கடன், உரிமையாளர் பங்கை மறு பக்கமும் காட்டும் ஐந்தொகையில், நிலையான சொத்து 10 இலட்சம் குறைந்து, காசு 3 இலட்சம் கூடி, இலாபம் குறைந்ததால் உரிமையாளர் பங்கும் குறைந்து, இரு பக்கமும் 7 இலட்சம் இறங்கிச் சமப்படும். இதைத் தாள் பார்க்காமல் சொல்லப் பழகுங்கள்.

கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஏறாவூரிலோ செங்கலடியிலோ கிளை வைத்திருக்கும், நீங்கள் நேரில் பார்த்த ஒரு கம்பனியை எடுத்து, ஐந்து வருடக் கணக்குகளை எக்செலில் நீங்களே தட்டெழுதி, அதன் பெறுமதியைக் கணியுங்கள். விண்ணப்பத்துடன் அந்தக் கோப்பையும் அனுப்புங்கள். முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான சர்வதேசத் தகைமையான சிஎஃப்ஏயின் முதல் நிலைப் பரீட்சையைப் பட்டம் முடியுமுன்பே எழுதலாம். கட்டணம் டொலரில் என்பதால் வீட்டாருடன் பேசி முடிவெடுங்கள்.