ஒளித்த பணம் காணோம், அடுத்த சீன் என்ன?

கேள்வி: மூன்று நண்பர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒளித்து வைத்த ஒரு கோடி ரூபாய் காணாமல் போகிறது. சின்ன பட்ஜெட், பிளாக் காமெடி த்ரில்லர். பணம் தொலைந்ததும் திரைக்கதை படுத்துவிடுகிறது. எப்படித் தூக்கி நிறுத்துவது? – வாசகர், மதுரை

பதில்: மூன்று பேரும் பணத்தைத் தேடுகிறார்கள் என்று எழுதியிருப்பீர்கள். அலமாரி, மெத்தை, பாத்ரூம் என்று தேடும் காட்சி இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. எடுத்தவன் யார் என்பதை இடைவேளையிலேயே ஆடியன்ஸுக்குக் காட்டிவிடுங்கள். மற்ற இருவருக்கு மட்டும் தெரியக் கூடாது. அப்புறம் அவன் 'டீ குடிச்சிட்டு வரேன்' என்றாலே போதும், தியேட்டர் நிமிர்ந்து உட்காரும்.

பணத்துக்கு உடம்பும் கொடுங்கள். ஒரு கோடி என்பது 500 ரூபாய்த் தாளில் 200 கட்டு, கட்டுக்கு 100 தாள். தாள் ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம். ஆக மொத்தம் சுமார் 20 கிலோ. சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓட முடியாது. பரணிலிருந்து இறக்க ஸ்டூல் வேண்டும், ஸ்டூல் ஆடும், கீழேயிருந்து ஹவுஸ் ஓனர் அம்மா 'என்னப்பா சத்தம்?' என்பார். இறக்கினாலும் செலவழிக்க முடியாது. சந்தேகம் வராமலிருக்க, அவன் நண்பனிடமே இருநூறு ரூபாய் கைமாற்று கேட்டாக வேண்டும். உங்கள் காமெடி அங்கேதான் இருக்கிறது.

இயக்குநர் டேனி பாயிலின் 'ஷாலோ கிரேவ்' (1994) படத்தைப் பாருங்கள். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன்.) ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு ஃபிளாட், மூன்று பேர், செத்துப்போன புதுக் குடித்தனக்காரரின் பெட்டி நிறையப் பணம். பட்ஜெட் சுமார் பத்து லட்சம் பவுண்டு. ஃபிளாட்டை கிளாஸ்கோவில் செட் போட்டார்கள். பணத்தைக் காவல் காக்கப் பரணுக்கே குடிபோகிறவன், கீழே இருப்பவர்களை வேவு பார்க்க சீலிங்கில் ஓட்டை ஓட்டையாகப் போடுகிறான். ஒரு டிரில்லிங் மெஷினும் கொஞ்சம் லைட்டிங்கும் போட்டு எவ்வளவு பயம் காட்டியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் திறந்தால், உள்ளே செய்தித்தாள். பணம் அந்த வீட்டுத் தரைப் பலகைக்கு அடியிலேயே இருக்கிறது. உங்கள் பணமும் வீட்டைத் தாண்ட வேண்டாம். அது வெளியே போனால் லொகேஷன் செலவும் பின்னாலேயே போகும்.

ஷூட்டிங்குக்காக டூப் நோட்டு அச்சடிக்காதீர்கள். அசல் போலத் தெரியும் தாளைத் தயாரிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 182ஆம் பிரிவின்படி குற்றம். கட்டின் மேலும் கீழும் அசல் தாள், நடுவில் 150க்கு 66 மில்லிமீட்டர் அளவில் வெட்டிய வெள்ளைத் தாள். க்ளோசப்புக்கு 20 கட்டு போதும்: 40 தாள், 20,000 ரூபாய். ஆர்ட் அசிஸ்டெண்டிடம் எண்ணிக் கொடுத்து, ஷூட்டிங் முடிந்து பேக்கப் சொன்னதும் எண்ணி வாங்குங்கள்.