எஸ்செல்ஸ்டினின் இதய உணவுமுறையில் எண்ணெய்க்கே இடமில்லையா? அதற்கு ஆதாரம் உண்டா?

ஆம், ஆலிவ் எண்ணெய்கூடக் கிடையாது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் அறுவை மருத்துவராக இருந்த கால்டுவெல் எஸ்செல்ஸ்டின், 1985-இல் இதயத் தமனி அடைப்பு முற்றிய நோயாளிகளிடம் இதைத் தொடங்கினார். இறைச்சி, மீன், முட்டை, பால் பொருட்கள் எல்லாம் விலக்கு. இதய நோயாளிகளுக்குக் கொட்டைப் பருப்புகளும் அவகாடோவும்கூட வேண்டாம் என்கிறார். முழுதானியம், பருப்பு, காய், பழம் உண்டு. கீரைதான் மையம்: ஐந்தாறு நிமிடம் வேகவைத்து, கைப்பிடி அளவு, சிறிது வினிகர் சேர்த்து, நாளுக்கு ஆறு முறை. கீரையின் நைட்ரேட், ரத்தக் குழாயின் உட்சுவரை நெகிழவைக்கும் நைட்ரிக் ஆக்சைடாக மாறும் என்பது அவர் வாதம்.

2014-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 198 பேர். கடைப்பிடித்த 177 பேரில் நோய் முற்றியதால் பெரிய பாதிப்பு வந்தது ஒருவருக்கே, அது பக்கவாதம். கைவிட்ட 21 பேரில் 13 பேருக்குப் பாதிப்பு. வியக்கத்தக்க எண்தான். ஆனால் குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் குழு இல்லை, உறுதியானவர்களே நிலைத்திருக்கலாம். ஆகவே ஊக்கமளிக்கும் சான்று என்பேன், முடிந்த தீர்ப்பு என்று சொல்லமாட்டேன்.

பலர் சறுக்குவது இங்கே: இறைச்சியை விட்டுவிட்டு மைதா, சர்க்கரை, பொரித்ததில் வயிற்றை நிரப்புகிறார்கள். வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுபவர் கீரையைத் திடீரென்று கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பொட்டாசியத்தையும் கவனிக்க வேண்டும். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.