ஹஷிமோட்டோ அழற்சிக்கும் தைராய்டு புற்றுநோய் மரபணுக்களுக்கும் என்ன தொடர்பு?

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்கு டிபிஓ எதிர்ப்பொருள் (தைராய்டிலுள்ள ஒரு நொதியைக் குறிவைத்து உடல் உண்டாக்கும் புரதம்; ஹஷிமோட்டோ அழற்சியின் அடையாளம்) மிகுந்திருக்கிறது, இது புற்றுநோயில் கொண்டுபோய் விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹக்காரு ஹஷிமோட்டோ விவரித்த ஹஷிமோட்டோ அழற்சியில், உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்குகிறது. சுரப்பிக்குள் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளை இரத்த அணுக்கள் குவிகின்றன. நீடித்த அழற்சியில் உண்டாகும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் டிஎன்ஏவைச் சிதைக்கக்கூடும்.

ஆனால் அழற்சிக்கும் புற்றுக்கும் உள்ள இந்த உறவு ஒருவழிப் பாதையன்று. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. தைராய்டு புற்றுகளில் மிகப் பரவலான பாப்பில்லரி வகையில் காணப்படும் ஆர்இடி/பிடிசி இணைவு, ஆர்இடி மரபணுவின் ஒரு பகுதி முறிந்து வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்வதால் உண்டாகிறது. அந்த இணைவு பெற்ற செல், செல்லைப் பெருகத் தூண்டும் எம்ஏபிகே சமிக்ஞைப் பாதை வழியாகப் பெருகுவதோடு, சைட்டோகைன், கீமோகைன் புரதங்களைத் தானே சுரந்து நோயெதிர்ப்பு செல்களை அழைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே கட்டியருகே காணும் அழற்சி காரணமா, விளைவா என்பதை நுண்ணோக்கியில் பார்த்து மட்டும் சொல்லிவிட இயலாது.

பாப்பில்லரி புற்றில் அடிக்கடி காணப்படும், பிஆர்ஏஎஃப் மரபணுவில் நேரும் வி600இ பிறழ்வோ, ஹஷிமோட்டோவும் உள்ளவர்களின் கட்டிகளில் குறைவாகவே காணப்படுகிறது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதும் பல ஆய்வுகளில் குறைவு. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை மட்டும் எண்ணும் ஆய்வுகள் இரு நோய்களின் தொடர்பை மிகைப்படுத்தக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

அம்மாவின் எதிர்ப்பொருள் அளவைத் திரும்பத் திரும்ப அளப்பதைவிட, கழுத்தில் கட்டி தென்பட்டால் அல்ட்ராசவுண்ட் எடுத்து, மருத்துவர் சொன்னால் ஊசியால் செல் எடுத்துச் சோதிப்பதே பயன் தரும்.