மண்ணும் கைபேசியும் ஒரே கையில் இருக்கட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்கக் காட்பாடியில் என்னைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டீர்கள். "மண்ணைப் பிசைஞ்சு, அதைப் போன்ல படம் புடிச்சா சோறு வருமா சார்?" அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் மகள் எனக்குக் காட்டியதைச் சொல்கிறேன், நீங்கள் அதை முழுசாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். மண்பாண்டத்துக்குப் பேர்போன நம் கரிகிரியில் ஆயா வனைந்த கூஜா காய்வதை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் ஒரு பகல் முழுக்க எடுத்துக் கோத்திருக்கிறாள். பதினைந்து விநாடிதான். ஈரம் வற்ற வற்ற நிறம் வெளுத்து, கூஜா ஒரு சுற்று சிறுத்துப்போகிறது. நடுவில் இரண்டே படத்தில் ஆயாவின் கட்டைவிரல் வந்து, விரிசல் விடப் பார்த்த இடத்தை நீவிவிட்டுப் போகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

வீட்டில் நடக்கும் "மண்ணா, கம்ப்யூட்டரா" சண்டையை முதலில் நிறுத்துங்கள். இரண்டும் ஒரே கையில் இருப்பதுதான் இவளுடைய பலம். கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்யப் பல பேர் இருக்கிறார்கள். நன்றாகக் காயாத மண்ணைச் சூளையில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும் என்று கையால் தெரிந்துகொண்ட பிள்ளைகள் அதில் எத்தனை பேர்?

நம் பக்கத்து ஆளையே சொல்கிறேன். பெனிதா பெர்சியாள் என்ற சிற்பி, திருவண்ணாமலையில் பிறந்தவர். அப்போது அது நம் வடாற்காடு மாவட்டம்தான். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். சாம்பிராணி, வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு என்று நாம் புகை போடுகிற, மசாலா அரைக்கிற பொருள்களை வைத்தே சிலைகள் வார்க்கிறார். 2014இல் கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் அவை இருந்தன. கடல் தாண்டி வந்த கிறிஸ்தவ மதத்தின் கதை, மிளகும் பட்டையும் விற்ற கரையில், அதே சரக்குகளால்.

சரி, சோறு? பழைய கதை ஒன்று உண்டு. அதே கல்லூரியில் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1960களில், ஓவியம் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்று மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்த வருமானம் கைகொடுத்துத்தான் 1966இல் சென்னைக்குப் பக்கத்தில், கலைஞர்கள் சேர்ந்து வாழும் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. கைத்தொழில் கலையைத் தாங்கியது. உங்கள் மகளுக்கும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் போகும்: பள்ளியில் கைவினை வகுப்பு, கடைகளுக்குப் பொருள் வடிவமைப்பு, சின்னச் சின்ன வீடியோ வேலை. மாதச் சம்பளம் ஒன்றாம் தேதி வந்து நிற்காது. அதை மறைக்க மாட்டேன்.

படிப்பு என்றால் என் முதல் யோசனை சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. 1850இல் தொடங்கியது. நான்கு வருட பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டப்படிப்பில், மண்ணை வனைந்து சுடும் செராமிக்கும் உண்டு, படத்தால் செய்தி சொல்லும் விஷுவல் கம்யூனிகேஷனும் உண்டு. கட்டணம் நம்மால் தாங்கக்கூடியது. தேசிய வடிவமைப்புக் கல்லூரியான என்.ஐ.டி., தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியான என்.ஐ.எஃப்.டி. இரண்டும் நல்ல இடங்கள்தான். ஆனால் சலுகை கிடைக்காவிட்டால் மொத்தச் செலவு பத்து லட்சத்தைத் தாண்டும், நுழைவுத்தேர்வும் தமிழில் இல்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளை இப்போதே பழகத் தொடங்க வேண்டும். ஆனால் இரண்டிலும் கடைசிக் கட்டத்தில் பொருளைக் கையில் கொடுத்து ஏதாவது செய்யச் சொல்லும் தேர்வு உண்டு. அங்கே இவளை மிஞ்சுவது சுலபமில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஏழெட்டு வருடத்துக்கு முன் செய்யாறு பக்கத்திலிருந்து கூத்துக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் வந்தான். கல்யாணமுருங்கைக் கட்டையில் கூத்துக்குக் கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டுவதில் கெட்டிக்காரன். நான் மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கு அனுப்பினேன். இரண்டாம் வருடமே நின்றுவிட்டான். வீட்டில் வாங்கிய கடன் மட்டும் நின்றது. அன்றைக்கு அவன் கையை நான் பார்த்திருக்க வேண்டும், மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மகளோடு வாருங்கள். அதுவரை தினமும் ஒரு பக்கம் பென்சிலால் வரையட்டும். கரிகிரியில் அந்தப் பச்சை, நீலப் பளபளப்புப் பூச்சை எப்படிக் கலக்கிறார்கள், சூளைச் சூட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆயாவிடமும் அக்கம்பக்கத்தில் வனைகிறவர்களிடமும் கேட்டு நோட்டில் எழுதட்டும். முடிந்தால் அப்பாவையும் அழைத்து வாருங்கள். போனில் இடமில்லை என்று யாராவது அந்தக் கூஜா படத்தை அழித்துவிடப் போகிறார்கள். வேறொரு இடத்திலும் சேமித்து வைக்கச் சொல்லுங்கள். ஆயாவின் விரல் வரும் அந்த இரண்டு படங்களையும் சேர்த்து.