வலி போய்விட்டது, ஆனால் முட்டியை நம்ப முடியவில்லை: பதில்

ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வு) கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம், வலியில்லை, வீக்கமில்லை. ஆனாலும் கரண்ட் போனால் படி இறங்கத் தடுமாறுகிறது, அடுத்த மாதம் ஃபுட்பால் ஆடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தடுமாற்றம் உங்கள் மனப்பிரமை இல்லை. அந்த ஜவ்வு எலும்புகளை இழுத்துப் பிடிப்பதோடு நிற்பதில்லை. முட்டி எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் உண்டு. கிழியும்போது அவையும் பாதிக்கப்படும், புது ஜவ்வு வைத்தவுடன் திரும்பி வந்துவிடாது. அந்தக் குறையைக் கண் ஈடுகட்டுகிறது. இருட்டில் அதுவும் இல்லையே!

ஒன்று செய்து பாருங்கள். கால் தொங்கும்படி மேசை மேல் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். வீட்டில் ஒருவர் காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துவிட்டு இறக்கட்டும். அதே உயரத்துக்கு நீங்களே தூக்கிக் கண்ணைத் திறங்கள். நல்ல காலிலும் செய்யுங்கள். இரண்டு உயரத்துக்கும் நடுவே சிறிய வித்தியாசம் எல்லோருக்கும் வரும். பெரிதாக இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.

சுவர் ஓரம் ஒற்றைக்காலில் நிற்பது, அது பழகிய பிறகு கண்மூடி நிற்பது, கண்ணாடி முன் மெதுவாகப் படி இறங்குவது (முட்டி உள்பக்கம் சாயக் கூடாது) எல்லாம் உதவும். ஆனால் பேலன்ஸ் பயிற்சியே போதும் என்று தொடைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். முன்தொடை பலமில்லாமல் ஓட்டமும் தாவலும் சரியாக வராது.

ஃபுட்பால்? தயவுசெய்து இப்போது வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்து 9 மாதமாவது ஆகட்டும். முன்தொடை பலமும் ஒற்றைக்கால் தாவலும் மற்றக் காலில் இருப்பதில் 90 சதவீதத்தையாவது எட்டட்டும். நடுவில் முட்டி நழுவினாலோ வீங்கினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.