கேப்டனைக் கண்ணாடி அறையில் உட்கார வைக்கலாமா?

கேள்வி: விண்வெளிப் போர்க்கப்பலை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். கட்டளை அறையைக் கப்பலின் உச்சியில், சுற்றிலும் கண்ணாடியோடு அமைத்திருக்கிறேன். ஒரே அடியில் கேப்டன் காலி என்று நண்பன் கிண்டல் செய்கிறான். வேறு எங்கே வைப்பது?
- கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நண்பர் சொல்வது சரிதான். ஏற்காடு மலையின் லேடீஸ் சீட் பாறையில் நின்று ராத்திரியில் சேலத்தின் விளக்குகளைப் பார்ப்பது சுகம். ஆனால் விண்வெளிச் சண்டையில் எதிரி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பான். கண்ணாடி வழியே பார்த்தால் மிஞ்சிப்போனால் ஒரு புள்ளி. சேலம் ஜங்ஷனில் ரயிலுக்குப் பாதை போடுகிறவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தா போடுகிறார்? எதிரே பேனலில் எரியும் விளக்குதான் அவருக்குக் கண். உங்கள் கேப்டனுக்கும் அது போதும்.

கடலில் இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துத்தான் கற்றார்கள். 1942 நவம்பர் 13 அதிகாலை, பசிபிக் கடலின் குவாடல்கனல் தீவருகே இருட்டில் அமெரிக்க, ஜப்பானியக் கப்பல்கள் முட்டிக்கொண்டன. அமெரிக்கத் தளபதி கேலகன் ஏறியிருந்த சான் பிரான்சிஸ்கோ என்ற கப்பலில் புதுவகை ரேடார் இல்லை. அதன் உயரமான கட்டளை மேடையில் குண்டு விழுந்து அவர் இறந்தார். அதே சண்டையில் பிளெட்சர் என்ற சிறிய கப்பல். அதில் துணைக் கேப்டன் வைலி வரைபட அறையில் ரேடார் அருகே உட்கார்ந்து, எதிரி எங்கே என்பதைக் கேப்டனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அது சேதமில்லாமல் திரும்பியது. அதிர்ஷ்டமும் உண்டுதான். ஆனாலும் தகவலை எல்லாம் ஒரே அறையில் சேர்க்கும் வழக்கம் கடற்படையில் வேரூன்ற இதுபோன்ற அனுபவங்களே காரணம்.

ஆகவே அறையைக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்குங்கள். சுற்றிலும் தண்ணீர்த் தொட்டிகளை வைத்தால் கதிர்வீச்சையும் ஓரளவு தடுக்கும். எஞ்சின் உந்துதலால்தான் கப்பலில் எடை உண்டாகிறது என்றால், தரை எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். அதாவது கப்பல் ஒரு மாடிக் கட்டடம்போல அடுக்கடுக்காக நிற்கும். அப்புறம், சண்டை நேரத்தில் துணைக் கேப்டனை அதே அறையில் வைக்காதீர்கள். தூரமாக, இன்னொரு சிறிய அறையில் அவர் காத்திருக்கட்டும்.

ஜன்னல் இல்லாவிட்டால் காட்சி சப்பென்று ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். எனக்கு அந்தக் குருட்டு அறைதான் கதைக்கு ருசி. எதிரி 3 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அவனிடமிருந்து ஒளி வரவே 1 விநாடி. ரேடார் அலை போய்த் திரும்ப 2 விநாடி. திரையில் தெரிவது அவன் இருந்த இடம், இருக்கும் இடத்தைக் கேப்டன் ஊகிக்கத்தான் வேண்டும். அந்த ஊகத்தில் உங்களுக்கு ஓர் அத்தியாயமே கிடைக்கும்.

கண்ணாடியை விட மனமில்லையா? சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். சண்டை என்றதும் அதன்மேல் இரும்புக் கதவு இறங்கட்டும்.