ஆந்தை முறைத்தால் கிளம்பிவிடுங்கள்

பயணத்தில் படம் எடுப்பது பற்றி நீங்கள் கேட்பதற்கு நான் பதில் சொல்லும் பக்கம் இது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஆந்தையைப் பற்றித்தான். விடுமுறையில் எல்லோரும் ஒரே காட்டுக்குப் போய் வந்தீர்களா என்று தெரியவில்லை. சரி, இந்த இதழை ஆந்தைக்கே விட்டுவிடுவோம்.

கேள்வி: மூன்று வருஷமாகப் பறவைப் படம் எடுக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஆந்தை மட்டும் கண்ணில் படுவதில்லை. எங்கே தேடுவது? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: காட்டுக்குள்தான் தேடியிருப்பீர்கள். அதை விட்டுவிட்டு, போகிற வழியில் டீ குடிக்க நிறுத்துகிறீர்களே, அங்கே நிற்கும் பழைய புளியமரத்தைப் பாருங்கள். புள்ளி ஆந்தைக்குப் பொந்துள்ள மரமும் பக்கத்தில் வயலும் இருந்தால் போதும், பஸ் ஹாரனெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பாருங்கள். ஒரே இடத்தில் சுண்ணாம்பு கொட்டியதுபோல வெள்ளை எச்சம் இருக்கும், பக்கத்தில் எலி மயிரும் சின்ன எலும்பும் சேர்ந்த உருண்டைகள் கிடக்கும். ஆந்தை இரையை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காததை இப்படி உருட்டிக் கக்கிவிடும். இது இரண்டும் இருந்தால் வீட்டுக்காரர் மேலேதான் இருக்கிறார். அப்புறம், பகலில் தவிட்டுக்குருவிகளும் அணில்களும் ஒரு கிளையைச் சுற்றிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தால் ஒன்று பாம்பு, இல்லையென்றால் ஆந்தை. டீக்கடைக்காரரிடமும் கேளுங்கள், அவருக்கு எந்தப் பொந்து என்பது வரை தெரிந்திருக்கும். பொழுது சாய அரை மணி நேரம் இருக்கும்போது வந்து காருக்குள்ளேயே உட்கார்ந்திருங்கள். காரைப் பார்த்து அவை அவ்வளவாகப் பயப்படுவதில்லை, இறங்கி நடந்து வரும் மனிதரைப் பார்த்தால்தான் பொந்துக்குள் போய்விடும்.

கேள்வி: நான் எடுத்த ஆந்தைப் படங்கள் எல்லாவற்றிலும் கண் மூடியே இருக்கிறது. போன வாரம் கூட வந்த நண்பர் மரத்தைக் கல்லால் தட்டினார், உடனே கண்ணைத் திறந்து நேராகப் பார்த்தது, அருமையான படம் கிடைத்தது. ஆனால் மனசுக்குள் உறுத்துகிறது. இது தப்பா சார்? (வாசகர், சேலம்)

பதில்: தப்புதான். உறுத்தியதே, அதனால் உங்களிடம் பேசலாம். நண்பரிடம் நீங்கள் பேசுங்கள்.

ஆந்தை என்றாலே வட்டமாக விழித்த மஞ்சள் கண் நேராக நம்மைப் பார்க்க வேண்டும் என்று நமக்கு ஒரு ஆசை, பரிசு வாங்கும் படங்களும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் பகலில் ஒரு ஆந்தை அப்படி விழித்துப் பார்க்கிறது என்றால், பெரும்பாலும் ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று அது நினைக்கிறது என்று பொருள், அந்த ஆபத்து நீங்கள்தான். நிம்மதியாக இருக்கும் ஆந்தை உடம்பைத் தளர்த்தி, பஞ்சு மூட்டை மாதிரி உருண்டையாக உட்கார்ந்திருக்கும். கண்ணை மட்டும் வைத்தும் முடிவு செய்யாதீர்கள், ஏனென்றால் கொம்பு வைத்த சின்ன ஆந்தைகள் பயந்தால் கண்ணைக் கீற்றாக இடுக்கிக்கொண்டு, உடம்பை ஒல்லியாக நீட்டி, முறிந்த கிளை மாதிரி நின்றுவிடும். பார்க்கிறவர்கள் அது தூங்குகிறது என்று இன்னும் கிட்டே போவார்கள். புள்ளி ஆந்தை தலையை மேலும் கீழும் ஆட்டி முறைக்கும், நாம் அது டான்ஸ் ஆடுகிறது என்று வீடியோ எடுப்போம். கொம்பன் ஆந்தை அலகைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பும். இதில் எதைப் பார்த்தாலும் இரண்டடி பின்னால் வர வேண்டும், அப்போதும் அடங்கவில்லையென்றால் கிளம்பிவிட வேண்டும்.

எனக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை, ஒரு கொம்பன் ஆந்தைக்குச் செய்த பாவத்தில்தான் கற்றுக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், ஒரு கைவிட்ட கல்குவாரி (எந்த ஊர் என்று கேட்காதீர்கள், காரணம் கீழே வருகிறது), காலை பத்து மணி, பாறை இடுக்கில் அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. நல்ல படம் ஏற்கெனவே கையில் இருந்தது. ஆனாலும் குறுக்கே ஒரு குச்சி மறைக்கிறதே என்று நாலடி பக்கவாட்டில் நகர்ந்தேன், கால் சறுக்கிக் கல் உருண்டது, அது பறந்துவிட்டது. சரி, போய் அடுத்த பாறையில் உட்காரும் என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் ஒரு காக்கை பார்த்துவிட்டது, அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியவில்லை. அவ்வளவு பெரிய பறவை, முயலையே தூக்கிப்போகும், அது தலையைத் தாழ்த்திக்கொண்டு பாறைக்குப் பாறை ஓடிக்கொண்டிருந்தது. ‘பகல்வெல்லும் கூகையைக் காக்கை’ என்று பள்ளிக்கூடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியதுதான், அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் கண் முன்னால் நடந்தது. பகலில் ஆந்தையைக் கிளப்புவது என்றால் அதைக் காக்கைகளிடம் பிடித்துக் கொடுப்பது. எனக்குக் கிடைத்தது ஒரு மங்கலான வால்.

கண் மூடிய படத்தையே எடுங்கள். என் வீட்டில் மாட்டியிருப்பது இரண்டு புள்ளி ஆந்தைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கும் படம்தான், கீழே ஓரத்தில் ஒரு டவுன் பஸ்ஸின் கூரையும் தெரியும்.

கேள்வி: என்னிடம் 70-300 லென்ஸ் இருக்கிறது. அந்தி நேரத்தில் படம் எல்லாம் ஆடிப்போகிறது. ஃபிளாஷ் வாங்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அந்தப் பணத்தில் நல்ல முக்காலி ஸ்டாண்டு வாங்குங்கள், மிச்சத்தில் ஊருக்குப் போய் வாருங்கள். இருட்டில் வேட்டைக்குத் தயாராகும் ஆந்தையின் கண்மணி முழுக்க விரிந்திருக்கும், அந்த நேரத்தில் அதன் முகத்தில் ஃபிளாஷ் அடிக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆந்தையிடம் ஒரு நல்ல குணம், அது அசையாமல் உட்காரும். ஆகவே ஸ்டாண்டில் வைத்து 1/60 நொடியில்கூட எடுக்கலாம், ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். வரிசையாகப் பத்துப் படம் எடுத்தால் இரண்டு படமாவது கூர்மையாக வரும். பின்னால் வானம் இருந்தால் பறவை கறுத்துப்போகும், வெளிச்ச அளவை ஒரு புள்ளி கூட்டி வையுங்கள். ஃபோகஸுக்காக கேமராவின் முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு தானாக எரியுமே, அதை மெனுவில் தேடி அணைத்துவிடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம் என்று சொல்பவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 300 லென்ஸில் பறவை சின்னதாகத்தான் விழும். விழட்டும், மரமும் சேர்ந்து வரட்டும்.

கேள்வி: ஒரு மலைப்பகுதியில் வழிகாட்டி வைத்து இரவில் போனோம். அவர் செல்போனில் ஆந்தைக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டார். இருபது நிமிஷத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது, எங்களுக்குச் சந்தோஷம்தான். இப்படிச் செய்யலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வந்த ஆந்தை உங்களைப் பார்க்க வரவில்லை. தன் இடத்தில் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று சண்டைக்கு வந்திருக்கிறது. இருபது நிமிஷம் அது வேட்டையை விட்டிருக்கிறது, குஞ்சு இருந்தால் அதற்கும் அன்றைக்கு இரை தாமதம். சின்ன ஆந்தை பதில் குரல் கொடுத்துத் தான் இருக்கும் இடத்தைக் காட்டினால், அதைப் பிடித்துத் தின்னும் பெரிய ஆந்தைக்கும் அது கேட்கும். நீங்கள் ஒரு இரவு போனீர்கள், அந்த வழிகாட்டி சீசன் முழுக்க அதே இடத்துக்கு ஆள் கூட்டிப் போகிறார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வழிகாட்டியை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஆந்தையைக் காட்டவில்லையென்றால் பணம் கொடுத்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள், அவர் பாவம் என்ன செய்வார்? முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: குரல் போட வேண்டாம், டார்ச்சை முகத்தில் அடிக்க வேண்டாம், பறவை வரவில்லையென்றாலும் பேசிய பணத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்று. கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகு எனக்கு யாரும் குரல் போட்டதில்லை.

கேள்வி: தட்டேக்காட்டில் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு ஆந்தைகளை எடுத்தேன், வாய் மட்டும் தவளை மாதிரி அகலம். என்ன ஆந்தை? அடுத்து இலங்கை போகிறோம், அங்கே எதைத் தேடலாம்? (வாசகி, மதுரை)

பதில்: அது ஆந்தையே இல்லை, தவளைவாயன். இரவில் பூச்சி பிடிக்கும் பக்கிப் பறவைகளுக்கு உறவு. நீங்கள் பார்த்த இனம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும்தான் உண்டு, காய்ந்த இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே ஒரு முட்டைதான் இடும், பகலில் ஆண் அதன்மேல் அடைகாத்துக் கிடக்கும், அதனால் கூட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள்.

இலங்கை என்றால் சிங்கராஜ வனத்துக்குப் போங்கள், செரண்டிப் ஸ்கோப்ஸ் ஆந்தை அங்கே இருக்கிறது. அதன் கதையே ஒரு பாடம். 1995இல் தீபால் வரகாகொட என்ற பறவை ஆய்வாளர் கித்துல்கலக் காட்டில் யாருடையது என்று தெரியாத ஒரு குரலைக் கேட்டார், அந்தக் குரலுக்குரிய பறவையைக் கண்ணால் பார்த்தது 2001இல், சிங்கராஜாவில். 2004இல் அது புதிய இனம் என்று முறைப்படி எழுதப்பட்டது. ஆறு வருஷம் ஒருவர் ஒரு குரலோடு காத்திருந்திருக்கிறார், நாமோ இருபது நிமிஷம் ஆனால் செல்போனை எடுக்கச் சொல்கிறோம். பகலில் அது தரைக்குப் பக்கத்தில் அடர்ந்த செடிகளுக்குள் ஒதுங்கியிருக்கும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. அவர் நிற்கச் சொல்லும் இடத்தில் நின்று, நாலைந்து படம் எடுத்து, வந்த தடத்திலேயே திரும்பி விடுங்கள். அட்டைக்கடி உறுதி, நீளக் காலுறை எடுத்துப் போங்கள்.

கேள்வி: படத்தோடு இடத்தைப் போட்டால்தானே மற்றவர்களும் போய்ப் பார்க்க முடியும்? எல்லோரும் ஏன் ஒளித்து வைக்கிறீர்கள்? (வாசகர், ஓசூர்)

பதில்: பொறாமை கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது மட்டுமில்லை. ஆந்தை பெரும்பாலும் ஒரே இடத்துக்குத் திரும்பி வரும் பறவை, நீங்கள் வரைபடத்தில் போடும் புள்ளி அடுத்த வருஷமும் செல்லும். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடித்து விற்கும் கொடுமை வட மாநிலங்களில் இன்னும் இருக்கிறது, காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் ட்ராஃபிக் அமைப்பு 2010இல் இதைப் பற்றி ஒரு தனி அறிக்கையே வெளியிட்டது. பிடிப்பவரிடமும் செல்போன் இருக்கிறது. மாவட்டத்தின் பெயரோடு நிறுத்துங்கள், செல்போன் படத்திலேயே பதிவாகும் இடக்குறிப்பையும் நீக்கிவிட்டுப் போடுங்கள்.

கூட்டுப் படம் என்றால் மாவட்டம்கூட வேண்டாம், சொல்லப்போனால் எடுக்கவே வேண்டாம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நான் எடுத்த கூகைப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டேன். வீட்டில் மாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று அம்மா சண்டை போடுகிறார். என்ன சொல்லிச் சமாளிப்பது? (வாசகி, விருத்தாசலம்)

பதில்: அறிவியல் சொல்லி எந்த அம்மாவையும் ஜெயிக்க முடியாது, நான் முயன்றிருக்கிறேன். நற்றிணை 83ஆம் பாட்டைச் சொல்லிப் பாருங்கள். ஊர் வாசலில் நீர்த்துறைப் பக்கத்து மரத்தில் ஒரு கூகை. இரவில் தலைவன் வரும் நேரத்தில் அது அலறி எல்லோரையும் எழுப்பிவிடக் கூடாதே என்று தோழி அதனிடம் கெஞ்சுகிறாள்: ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் சுட்ட எலியும் நிறையத் தருகிறோம், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரு என்று. அதன் குரல் பயமாக இருக்கிறது என்றும் சொல்கிறாள்தான், ஆனால் விரட்டவில்லை, கூடவே பழகி வாழ்கிற பறவையிடம் பேசுவதுபோலப் பேசுகிறாள். அம்மா இதற்கும் மசியவில்லையென்றால் படத்தை உங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். கூகைக்கும் மறைவான இடம்தான் பிடிக்கும்.